பின் பிரேக் பிடித்துக்கொண்டு விடாவிட்டால்...

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு அங்கே ஓடும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் நன்றாக நினைவிருக்கும். சாயம் வெளுத்து, கதவு கடகடத்து, பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டு சேற்று வழிகளில் ஏறி இறங்கும் வண்டிகள் அவை. இன்று பலர் புதிய பிக்-அப் வாகனங்களுக்கு மாறிவிட்டாலும், தாத்தா காலத்து வண்டியை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இப்படிப்பட்ட வண்டிகளின் சொந்தக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை, பின் பிரேக் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது என்பதுதான்.

இது வெறும் எரிபொருள் செலவு சம்பந்தப்பட்ட விஷயமன்று. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், பெரும்பகுதி வளைவுதான். உரசிக்கொண்டே இறங்கும் பிரேக் சூடேறுகிறது. சூடு சக்கர சிலிண்டருக்குள் இருக்கும் பிரேக் எண்ணெய்க்குப் போகிறது. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரையிலும், டாட் 4 எண்ணெய் 230 பாகை வரையிலும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால், இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஈரம் ஏறிய பிறகு டாட் 3-க்கான அளவு 140 பாகைக்கும், டாட் 4-க்கான அளவு 155 பாகைக்கும் இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவியை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அதனால் ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது அது மெத்தென்று தரை வரைக்கும் போய்விடும். பிடித்துக்கொண்டு விடாத பிரேக், சற்று நேரத்தில் பிடிக்கவே பிடிக்காத பிரேக்காக மாறிவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வண்டிக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இந்தக் கோளாறின் சூட்சுமம் புரியும். அவரிடம் இருப்பது 1970-களில் தயாரான மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர். காய்கறி ஏற்றவும் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அந்த ஒரு வண்டிதான். மலையிலிருந்து இறங்கினால் ரிங்லெட் வருவதற்குள் வண்டி கனமாகிவிடும். கியரை நியூட்ரலில் போட்டாலும் சமதரையில் உருளாது. பின்பக்கம் தீய்ந்த வாடை வரும். நிறுத்தி, தேநீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி உருளும்.

இந்தக் கடைசி விஷயம்தான் அவருடைய பணத்தைக் கரைத்தது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும். முதல் பட்டறையில் லைனிங்கை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் பழையபடி பிடித்தது. அடுத்த பட்டறையில் இரண்டு பின் சக்கரங்களுக்கும் புதிய சிலிண்டர் போட்டார்கள்; பயனில்லை. மூன்றாவது இடத்தில் ஹேண்ட் பிரேக் இணைப்புகளுக்கு எண்ணெய் விட்டு அனுப்பினார்கள். நான்காவதாக ஒருவர், "இனி பிடிக்காது ஐயா" என்று சொல்லி, பிரேக் ஷூக்களை டிரம்மிலிருந்து வெகுவாக விலக்கித் தளர்த்தி வைத்துவிட்டார். உண்மைதான், பிடிக்கவில்லை. அடுத்த முறை மலையிறங்கும்போது பெடல் ஏறக்குறைய தரையைத் தொட்டது. நான்கைந்து முறை மிதித்து, கியரைக் குறைத்து, ஓரத்தில் மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினார். வண்டியில் பேரன் இருந்தான். அன்றைக்கே மகன், "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்பா" என்று சொல்லிவிட்டார்.

நான்கு பட்டறைகளும் செய்த தவறு ஒன்றே. எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே சாமானை மாற்றினார்கள்.

ஒரு சக்கரமா, இரண்டு சக்கரமா?

முதல் கேள்வி இதுதான். டிரம் பிரேக்கில் நடப்பது எளிமையான காரியம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் சக்கரத்திலுள்ள சிறிய சிலிண்டரின் பிஸ்டன்களை விரிக்கிறது. அவை ஷூக்களை டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. காலை எடுத்ததும் ஸ்பிரிங் ஷூக்களை உள்ளே இழுக்க, எண்ணெய் வந்த வழியே திரும்புகிறது. பிடித்துக்கொண்டு விடவில்லை என்றால் ஷூ திரும்ப முடியாமல் எதிலோ சிக்கியிருக்க வேண்டும், அல்லது எண்ணெய் திரும்ப முடியாமல் அடைபட்டிருக்க வேண்டும். மூன்றாவதாக, ஹேண்ட் பிரேக் இழுத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒரு பின் சக்கரம் மட்டும் சூடேறினால் கோளாறு பெரும்பாலும் அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி சூடேறினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேட வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு டிரம்களையும் சோதிக்கலாம். கையால் தொடக் கூடாது. தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடாக இருக்கலாம். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும். சுர்ரென்று பொரிந்து மறைகிறதா, மெதுவாக வழிகிறதா என்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். சக்கரத்தின் பேரிங் கெட்டிருந்தாலும் சூடேறும் என்பதால், ஜாக் வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்து, ஆட்டமோ கரகரப்போ இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் லேண்ட் ரோவருக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. டோயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கேபிள் பின் சக்கர டிரம்களுக்கே போகிறது. அதில் சேறும் துருவும் சேர்ந்து கேபிள் இறுகினால் பின் பிரேக் விடாது. கேபிளைக் கழற்றியதும் சக்கரம் சுற்றினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பழைய லேண்ட் ரோவரில் அப்படியில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டின் தொடக்கத்தில் தனியாக ஒரு டிரம் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் அதைத்தான் பிடிக்கிறது. அது உரசினால் அந்த டிரம்தான் சூடேறும், சக்கர டிரம்கள் அல்ல. பெரியவரின் வண்டியில் ஹேண்ட் பிரேக் இணைப்புகளுக்கு எண்ணெய் விட்டது எந்தப் பலனும் தராததற்குக் காரணம் இதுவே.

இதில் உயிருக்கே உலை வைக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கால் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுழலும். தரையிலுள்ள சக்கரமும் உருளும். வண்டி ஜாக்கிலிருந்து நழுவிவிடும். ஆகவே சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின் அச்சை இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே கீழே குனிய வேண்டும். செங்கல் அடுக்கி வேலை செய்வதெல்லாம் வேண்டாத வீரம்.

பிடித்திருக்கும்போதே சோதிக்க வேண்டும்

பெரியவர் ஐந்தாவதாகப் போய்ச் சேர்ந்தது ஈப்போவில் லோரி பிரேக் வேலை செய்யும் ஓர் இளைஞரிடம். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "பிடிச்சு நிக்கிறப்ப யாராவது பார்த்தாங்களா ஐயா?" என்பதுதான். யாருமே பார்க்கவில்லை. எல்லாரும் ஆறிப்போன வண்டியைத்தான் பார்த்தார்கள்.

அவர் முதலில், தளர்த்தி விடப்பட்டிருந்த ஷூக்களைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். இந்த வண்டியில் ஷூ இடைவெளி தானாகச் சரியாவதில்லை. பின்தட்டுக்கு வெளியே இருக்கும் திருகைக் கையால் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். சக்கரம் இறுகும் வரை திருகிவிட்டு, தடையின்றிச் சுற்றும் வரை சிறிது பின்னுக்கு விட வேண்டும். பிறகு பட்டறைக்கு எதிரே இருந்த காலி இடத்தில் ஓட்டி, மீண்டும் மீண்டும் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் செய்தார். ஏழெட்டு நிமிடத்தில் இரண்டு பின் சக்கரங்களும் இறுகின. "இப்ப அணைங்க, காலைப் பெடல்ல வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

அவர் செய்த சோதனைக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு கந்தல் துணியும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் இரும்புக் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தினார். சில சொட்டு எண்ணெய் கசிந்தது; பின் சக்கரம் அசையவில்லை. இந்த இடத்தில் சக்கரம் விட்டுக்கொடுத்திருந்தால் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலேயே தேங்கியிருக்கிறது என்று அர்த்தமாகும். நட்டை இறுக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் போனார். சேஸியில் இரும்புக் குழாய் முடிந்து, அச்சுக்குப் போகும் ரப்பர் குழாய் தொடங்கும் இடத்தில் நட்டைத் தளர்த்தினார். இப்போதும் சக்கரம் இறுகியே இருந்தது. கடைசியாகச் சக்கரத்திலுள்ள காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தார். எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது. இரண்டு சக்கரங்களும் அக்கணமே சுற்றின.

ரப்பர் குழாய்க்கு முன்னால் அழுத்தம் இல்லை, பின்னால் இருக்கிறது. அப்படியானால் அடைப்பு அந்த ஒரு குழாய்க்குள்தான். பின் அச்சு முழுவதற்கும் அந்த வண்டியில் இருப்பது ஒரே ஒரு ரப்பர் குழாய் என்பதால், இரண்டு சக்கரமும் சேர்ந்து இறுகியதற்கும் விடை கிடைத்துவிட்டது.

குழாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தபோது உட்சுவர் ரப்பர் ஊதி, நடுத்துளை குண்டூசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலால் மிதிக்கும் அழுத்தம் பெரியது. அந்தச் சிறு துளை வழியாகவும் எண்ணெயைத் தள்ளிவிடும். ஆனால், திரும்பி வருவதற்கு ஸ்பிரிங்கின் பலம் மட்டுமே உண்டு. அதனால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் திரும்ப முடிந்தது. ஒரு மணி நேரம் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் பிரேக் விட்டுவிடுவதன் ரகசியம் இதுதான். லைனிங், சிலிண்டர் என்று இத்தனை செலவு செய்தவருக்கு, கடைசியில் எல்லாவற்றிலும் மலிவான உதிரிப் பாகமே காரணமாக இருந்தது.

வேறு சாட்சிகள் இருந்தால் முடிவும் வேறாக இருந்திருக்கும். மாஸ்டர் சிலிண்டரில் நட்டைத் தளர்த்தியதுமே சக்கரம் விடுகிறது என்றால், முதலில் பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள தள்ளுதண்டைப் பார்க்க வேண்டும். அங்கே சிறிதளவு, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், வெற்றசைவு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுமையாகத் திரும்பாது. எண்ணெய்த் தொட்டிக்குப் போகும் நுண்துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் எண்ணெய் போக வழியின்றிப் பிரேக்கைத் தானாகவே அழுத்தும். ஓட ஓட இறுகி, ஆறினால் விடுவது இதிலும் உண்டு. ஒரே சுற்றாக இருக்கும் பழைய அமைப்பில் நான்கு சக்கரமும் பிடிக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று உள்ள வண்டியில் பின் சக்கரங்கள் மட்டும்கூடப் பிடிக்கலாம். அதனால்தான் அந்த இளைஞர் சக்கரத்தில் தொடங்காமல் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இறங்கி வந்தார். பெடலை இலகுவாக்கும் வெற்றிடப் பூஸ்டர் பொருத்திய வண்டியானால் அதுவும் சிக்கிக்கொள்ளலாம். மாஸ்டர் சிலிண்டரை அதிலிருந்து சற்று விலக்கியதும் சக்கரம் விடுகிறதா என்று பார்த்தால் தெரியும்.

இன்னொரு காரணம் மனிதத் தவறு. பிரேக் தொட்டியில் யாரோ என்ஜின் எண்ணெயையோ பவர் ஸ்டியரிங் எண்ணெயையோ ஊற்றிவிடுவது நடக்கத்தான் செய்கிறது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் எல்லாம் ஊதிவிடும். சந்தேகம் இருந்தால் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். சாதாரண டாட் 3, டாட் 4 எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். கனிம எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால், கழுவி ஊற்றி ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. எல்லா ரப்பர் பாகங்களையும் மாற்றியே ஆக வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால்

அப்போது கோளாறு டிரம்முக்குள்ளே. ஆற்றைக் கடக்கும் வண்டிகளுக்கு இது சகஜம். டிரம்முக்குள் புகுந்த சேறு காய்ந்து இறுகிவிடும். நனைந்த வண்டியை அப்படியே சில நாள் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

டிரம்மைக் கழற்றுவதற்கு முன் சரிசெய்யும் திருகைத் தளர்த்தி ஷூக்களை உள்ளே விட வேண்டும். பல வண்டிகளில் டிரம்மின் முகத்திலேயே மரையுள்ள துளை இருக்கும். அதில் பொருத்தமான போல்டைத் திருகினால் டிரம் வெளியே தள்ளப்படும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். உள்ளேயிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்து உயிரைக் குடிக்கும் நோயைக் கொண்டுவரலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிவதே முறை.

உள்ளே பார்க்க வேண்டியவை சில. சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கினால் ஈரமோ துருவோ தெரிகிறதா? பிஸ்டனைக் கையால் தள்ளினால் நகர்கிறதா? நகராத பிஸ்டனைத் தேய்த்துப் போடுவதைவிடச் சிலிண்டரை மாற்றுவதே உத்தமம். துருப்பிடித்த உட்சுவர் புதிய ரப்பரையும் சீக்கிரம் அறுத்துவிடும். ஸ்பிரிங்குகள் நீண்டு தளர்ந்திருக்கின்றனவா, சரியான துளையில்தான் மாட்டியிருக்கின்றனவா என்று அடுத்த பக்கச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காகவே ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரிப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். பலர் கவனிக்காமல் விடுவது பின்தட்டை. ஷூவின் விளிம்பு ஆண்டுக்கணக்கில் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்து, ஷூ அதிலேயே மாட்டிக்கொள்ளும். அதை அரம் கொண்டு சமப்படுத்தி, பிரேக்குக்கான கிரீஸை மெல்லியதாகத் தடவ வேண்டும். லைனிங்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது. டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிதித்தால் பிஸ்டன்கள் தெறித்து வெளியே வந்துவிடும். பட்டறைகளில் இந்தக் கூத்து நடக்காத ஆண்டே கிடையாது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் செய்யக் கூடாத வைத்தியங்கள் இரண்டு. ஒன்று, பெரியவருக்குச் செய்தது போல ஷூவை அளவுக்கு மீறித் தளர்த்துவது. இன்னொன்று, பின் குழாயை அடைத்துவிட்டு முன் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுவது. காட்டு வழியில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இப்படிச் செய்து வீடு வந்து சேர்ந்த கதைகளைப் பெருமையாகச் சொல்வார்கள். சுமை ஏற்றிய வண்டியை அப்படி மலையிறக்குவது கதை சொல்ல ஆள் மிஞ்சாத காரியம். வண்டியின் உயரத்தைக் கூட்டுவதற்காக நீளமான ஸ்பிரிங் போடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சு கீழே தொங்கும்போது பழைய ரப்பர் குழாய் விறைப்பாக இழுபடும், நாளடைவில் அறுந்துவிடும். ஸ்பிரிங்கோடு நீளமான குழாயையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஈப்போ இளைஞர் பின் குழாயை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தவில்லை. முன் சக்கரங்களுக்குப் போகும் இரண்டு குழாய்களும் அதே வயதுதான் என்று சொல்லி மூன்றையும் மாற்றினார். கறுத்துப்போன எண்ணெயை முழுவதுமாக வெளியேற்றி, மூடி திறக்காத புதிய டின்னிலிருந்து ஊற்றினார். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள வலது முன் சக்கரம் வரை ஒவ்வொன்றாகக் காற்று எடுத்தார். குமிழ் வருவது நின்று, எண்ணெய் தெளிவாக வரும் வரை விடவில்லை. இடையில் தொட்டி வற்றிவிடாமல் பெரியவரே நின்று பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இந்த எண்ணெயை மாற்றிவிட வேண்டும் என்று ஒரு காகிதத்தில் தேதி எழுதி, என்ஜின் மூடியின் உட்புறம் ஒட்டியும் கொடுத்தார்.

சோதனை ஓட்டத்துக்குப் பெரியவர் அவரையும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கொஞ்ச தூரம் மேலேறி, அதே சாலையில் திரும்பி இறங்கினார். கீழே சமதரைக்கு வந்து நிறுத்தியதும் நான்கு டிரம்களிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். எதிலும் பொரியவில்லை. நியூட்ரலில் போட்டுவிட்டு, இளைஞர் பின்னால் ஒரு கை வைத்துத் தள்ளினார். வண்டி உருண்டது.

"மகன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க ஐயா?"

"இரும்புக் கடைக்காரனைக் காத்திருக்கச் சொல்றேன் தம்பி" என்றார் பெரியவர்.